காலைக்கடனும் வங்கிக்கடனும்

தமிழில் 'கடன்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. திருப்பித் தர வேண்டிய பணம் கடன்; செய்தே தீர வேண்டிய கடமையும் கடன். விடிந்ததும் பல் துலக்கி உடலைச் சுத்தம் செய்வதைக் 'காலைக்கடன்' என்று சொல்கிறோம். அது யாரிடம் பட்ட கடன் என்று எவரும் கேட்பதில்லை. ஆயினும் ஒருநாள் அது தவறினால் மனம் உறுத்துகிறது. வடமொழியில் 'ருணம்' என்ற சொல்லுக்கும் இத்தகைய விரிவு உண்டு. தேவர்கள், ரிஷிகள், முன்னோர்கள் ஆகிய மூவருக்கும் பட்ட கடனோடு பிறப்பதைத் தைத்திரீய ஸம்ஹிதை கூறுகிறது. சதபத பிராம்மணம் நான்காவதாக, சக மனிதர்களுக்குப் பட்ட கடனையும் சேர்த்துக்கொள்கிறது.

இவ்விரு பொருள்களும் ஒரே கூரையின்கீழ் மோதிக்கொள்ளும் வீடுகள் இன்று நகரங்களில் மிகுதி. பெங்களூரில் கணவனும் மனைவியும் பணிக்குச் செல்லும் ஒரு நடுத்தரக் குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். தனிநபர் கடன், வண்டிக்கடன், கிரெடிட் கார்டு நிலுவை என்று மூன்று பக்கமிருந்தும் தவணைகள் வருகின்றன. போக்குவரத்து நெரிசலைக் கடந்து வீடு திரும்பும்போது இரவு எட்டு மணி ஆகிவிடுகிறது. கடனை விரைவில் அடைக்க வேண்டும் என்று ஒருநாள் இருவரும் உறுதிகொள்கிறார்கள். எதைக் குறைக்கலாம் என்று கணக்குப் பார்க்க உட்கார்ந்தால், வீட்டுத் துப்புரவுக்கான செலவு முதலிலேயே கண்ணில் படுகிறது. தரை துடைக்கும் திரவம், குளியலறை அமிலம், கண்ணாடி துடைக்க ஒன்று, துணியை மென்மையாக்க ஒன்று, பணிப்பெண்ணின் சம்பளம், தண்ணீர் டேங்கருக்குக் கொடுக்கும் பணம். வாடகையைக் குறைக்க முடியாது. பள்ளிக் கட்டணத்தைக் குறைக்க முடியாது. இவற்றைக் குறைக்கலாம் போலத் தோன்றுகிறது.

குறைக்கலாம்தான். எதைக் குறைப்பது, யாருடைய தலையில் அந்தக் குறைப்பு விழுகிறது என்பதையே ஆராய வேண்டியிருக்கிறது.

சௌசம் முதலில், சந்தோஷம் பிறகு

பதஞ்சலி முனிவர் நியமங்களை வரிசைப்படுத்தும்போது சௌசத்தை முதலில் வைக்கிறார். அடுத்ததாக சந்தோஷத்தை, அதாவது இருப்பது போதும் என்ற மனநிறைவை வைக்கிறார். தவம் அதற்குப் பின்னரே வருகிறது. கடன் அடைக்கும் குடும்பத்திற்கு இவ்வரிசை பொருள் பொதிந்தது. சிக்கனம் என்பது ஒருவகைத் தவம். அதற்கு முன்னால் தூய்மையும் போதும் என்ற மனமும் இல்லாவிட்டால், சிக்கனம் கருமித்தனமாகத் திரிந்துவிடும். அல்லது ஒரு மாதம் பட்டினி, மறுமாதம் விருந்து என்று அலைபாயும்.

கடன்பட்ட வீட்டில் அழுக்கு சேர்வதற்குப் பணமின்மை காரணமாக இருப்பதில்லை. ஒட்டடைக் கம்புக்குத் தவணை கட்டுவார் யாருமில்லை. மனம் எதை ஏறிட்டுப் பார்க்க அஞ்சுகிறதோ, அதைச் சுற்றித்தான் தூசி படிகிறது. வங்கியிலிருந்து வந்த கடிதம் பிரிக்கப்படாமல் மேசைமீது கிடக்கும். அதன்மேல் செய்தித்தாள், அதன்மேல் துவைத்து மடிக்காத துணி. அந்தக் குவியலைக் கலைத்தால் கடிதம் வெளிப்படும் என்பதால் குவியலைக் கலைக்காமலே விட்டுவிடுவது மனித இயல்பு. வள்ளுவர் புறத்தூய்மையையும் அகத்தூய்மையையும் ஒரே குறளில் பேசியது வாய்மை என்ற அதிகாரத்தில்தான். ஆகவே கடன் தீர்க்கும் வீட்டில் துப்புரவு தொடங்க வேண்டிய இடம் அந்த மேசை. எல்லாக் கடிதங்களையும் பிரித்து, யாருக்கு எவ்வளவு, என்ன வட்டி என்று ஒரே தாளில் எழுதி, கணவன் மனைவி இருவரும் பார்க்கும்படி வைப்பதற்கு ஒரு மாலை போதும். ஒருவர் அறியாமல் மற்றவர் வாங்கிய கடன் இருக்குமானால், அதுவும் அன்றே அத்தாளில் ஏற வேண்டும்.

தூய்மையைக் குறைத்துச் சேமிக்க முயலும்போது நேரும் இழப்பையும் கணக்கில் கொள்ள வேண்டும். பெங்களூரில் குழாயில் தண்ணீர் நாள்தோறும் வராத பகுதிகளில், டிரம்களிலும் வாளிகளிலும் நீரைச் சேமித்து வைப்பார்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு இத்தகைய தெளிந்த நீரில்தான் முட்டையிடுகிறது. முட்டைகள் நீர்மட்டத்திற்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். நீரைக் கொட்டிவிட்டு மீண்டும் நிரப்பினால் அவை போகா. சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டையிலிருந்து கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகிறது என்பதால், வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவி மூடி வைப்பது போதுமானது. 2024 செப்டம்பரில் கர்நாடக அரசு டெங்குவைத் தொற்றுநோயாக அறிவித்து, கொசு உற்பத்திக்கு இடம் கொடுப்போருக்கு அபராதமும் விதித்தது. தேங்காய் நாரும் பத்து நிமிடமும் செலவாகும் வேலையைச் சிக்கனம் என்ற பெயரில் விட்டுவிட்டு, ஒரு வாரம் மருத்துவமனையில் படுத்தால் மூன்று மாதத் தவணைப் பணம் போய்விடும்.

துடைப்பமும் நீர்க்குடமும்

இல்லறத்தானின் வீட்டில் ஐந்து கொலைக்களங்கள் உண்டு என்று மனு ஸ்மிருதி கூறுகிறது. கேட்போரைத் திடுக்கிட வைக்கும் சொல் அது. அடுப்பு, அரைக்கும் கல், துடைப்பம் முதலிய வீட்டுக் கருவிகள், உரலும் உலக்கையும், நீர்க்குடம் ஆகியவை அந்த ஐந்து. 'பஞ்ச ஸூனா' என்பது அவற்றின் பெயர். சமைக்கும்போதும் பெருக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் மடிகின்றன என்பது நேரான பொருள். அதற்கு ஈடாக இல்லறத்தான் நாள்தோறும் ஐந்து மகாயக்ஞங்களைச் செய்ய வேண்டும். அவற்றுள் பூத யக்ஞம் பிற உயிர்களுக்கானது, மனுஷ்ய யக்ஞம் சக மனிதருக்கானது.

இப்பட்டியலில் துப்புரவுக்குரிய இரண்டு கருவிகள் இருப்பது கூர்ந்து நோக்கத் தக்கது. வீட்டைச் சுத்தம் செய்வது நல்ல செயல்தானே, அதில் என்ன பாவம் என்று மனு ஸ்மிருதி நின்றுவிடவில்லை. ஒரு வீடு தூய்மையடையும்போது வேறெங்கோ ஒரு விலை கொடுக்கப்படுகிறது. அந்த விலை இல்லறத்தானின் பெயரில் கடனாக எழுதப்படுகிறது. நீர்க்குடத்தின் கடன் பெங்களூரில் எவ்வளவு என்று பார்த்தால் இக்கருத்து துலங்கும்.

பெங்களூர் பெரிய நதி எதன் கரையிலும் இல்லை. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலான மேட்டில் அமைந்த ஊர். அங்கே குழாயில் வரும் காவிரி நீர் ஏறத்தாழ 100 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வருகிறது. தொரெகாடனஹள்ளியில் சுத்திகரிக்கப்பட்டு, அங்கிருந்து படிப்படியாக ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்திற்கு மின்சாரத்தால் ஏற்றப்படுகிறது. இத்திட்டத்தின் முதற்கட்டம் 1974-இல் நிறைவேறியது. ஐந்தாம் கட்டம் 2024 அக்டோபரில் தொடங்கிவைக்கப்பட்டது. இடையில் 2024-ஆம் ஆண்டுக் கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் பல வறண்டு, நகரம் தவித்தது. அந்த மார்ச் மாதத்தில் பெங்களூர் குடிநீர் வாரியம், வாகனம் கழுவவும் தோட்டத்திற்கும் குடிநீரைப் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. டேங்கர் நீருக்கு விலை வரம்பு விதிக்க வேண்டியதாயிற்று. 2014-க்குப் பின் உயர்த்தப்படாதிருந்த குடிநீர்க் கட்டணம் 2025 ஏப்ரலில் உயர்ந்தது.

அந்நீர் வீட்டைவிட்டு வெளியேறிய பிறகு நடப்பதையும் காண வேண்டும். பெல்லந்தூர் ஏரியில் பனிபோல் வெண்ணுரை பொங்கிச் சாலைக்கு வந்ததைப் படங்களில் காணாதார் இல்லை. 2015 மே மாதம் அந்நுரை தீப்பற்றியது. 2017 பிப்ரவரியிலும் 2018 ஜனவரியிலும் ஏரியில் மீண்டும் தீ எழுந்தது. சுத்திகரிக்கப்படாத கழிவுநீரும் அதில் கலந்த சலவைத்தூள்களின் நுரைப்பொருள்களும் பாஸ்பேட்டும் நுரைக்கு முக்கியக் காரணங்கள். ஆயிரக்கணக்கான வீடுகளில் பளிச்சென்று வெளுத்த சட்டைகளின் மீதிக்கணக்கு அந்த ஏரியில் எழுதப்பட்டிருந்தது. கழிவுநீரைச் சுத்திகரிக்க வேண்டிய பொறுப்பு நகர நிர்வாகத்தினுடையதே, அதில் ஐயமில்லை. ஆனால் ஒரு பிடி தூள் போதும் என்ற இடத்தில் இரண்டு பிடி போடும் கை வீட்டுக்காரருடையது.

இங்கே சிக்கனமும் தர்மமும் ஒரே திசையில் செல்கின்றன. பணத்திற்காகக் குறைப்பதும் ஏரிக்காகக் குறைப்பதும் ஒரே பிடி தூள்தான்.

நடைமுறையில் சில

பெங்களூரின் ஆழ்துளைக் கிணற்று நீர் பல பகுதிகளில் கடினநீர். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திரிந்த பிசுக்காகிவிடும், நுரை வராது, நுரை வரவில்லையே என்று மேலும் சோப்பைப் போடுவார்கள். துணியை முன்னிரவே ஊறவைத்து, சிறிதளவு சலவைச் சோடா சேர்த்தால் தூளின் அளவு குறையும். பட்டுக்கும் கம்பளிக்கும் பூந்திக்கொட்டை மிக ஏற்றது. விதையை நீக்கி இரவில் ஊறவைத்து, காலையில் சற்றுக் கொதிக்கவிட்டு வடிகட்டினால் அந்த நீர் தரை துடைக்கவும் ஆகும். குழாய்களில் படியும் வெண்படிவத்திற்கு எலுமிச்சைச் சாறோ வினிகரோ போதும். பளிங்குக் கல்லில் மட்டும் புளிப்பு எதையும் விடக்கூடாது, அரித்துவிடும். பித்தளைக்கும் செம்புக்கும் பாட்டியின் புளியை மிஞ்சியது எதுவும் கடையில் இல்லை. சமையல் சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கலந்து ஊற்றும் பழக்கம் பரவியிருக்கிறது. பொங்குவது பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் ஒன்றை ஒன்று முறித்துவிடுவதால், இரண்டின் பயனும் பெரும்பாலும் வீணாகிறது.

பெங்களூர் வீடுகளில் இன்னொரு முறை பரவி வருகிறது. ஒரு பங்கு வெல்லம், மூன்று பங்கு எலுமிச்சை அல்லது சாத்துக்குடித் தோல், பத்துப் பங்கு தண்ணீர் ஆகியவற்றைப் பிளாஸ்டிக் பாட்டிலில் அடைத்து மூன்று மாதம் நொதிக்கவிட்டு வடிகட்டினால், தரைக்கும் பாத்திரத்திற்கும் ஆகும் திரவம் கிடைக்கிறது. முதல் மாதம் நாள்தோறும் மூடியைத் திறந்து வாயுவை வெளியேற்றாவிட்டால் பாட்டில் வெடித்துவிடும். மூன்று மாதம் காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள் இதைத் தொடங்காமலிருப்பது நல்லது.

ஓர் எச்சரிக்கை மிக அவசியம். வீட்டில் பல குப்பிகளின் மீதங்களை வீணாக்காமல் ஒன்றாகக் கலந்து பயன்படுத்துவது சிக்கனம்போலத் தோன்றும். பிளீச்சிங் பவுடரோடு குளியலறை அமிலம் கலந்தால் குளோரின் வாயு எழும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. அம்மோனியா கலந்த திரவத்தோடும் பிளீச் சேரக்கூடாது. மீதத்தை மிஞ்சவிடாமல் ஒரு குப்பி தீர்ந்தபின் மற்றொன்று வாங்குவதே வழி.

நீரைப் பொறுத்தவரை, ஒரே நீரை இருமுறை பயன்படுத்துவதில் பெரும் சேமிப்பு இருக்கிறது. குடிநீருக்கான ஆர்.ஓ. கருவி ஒரு லிட்டர் தருவதற்கு அதைவிடக் கூடுதலான நீரை வெளியே தள்ளுகிறது. உப்பு மிகுந்த அந்த நீர் செடிக்கு நல்லதல்ல. தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் தாராளமாக ஆகும். துணி அலசிய கடைசித் தண்ணீர் முற்றத்திற்குப் போதும். நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகும் குழாய் நாளொன்றுக்குப் பத்து லிட்டருக்கு மேல் வீணாக்கும். அதற்கு வேண்டியது ஒரு ரப்பர் வாஷர்.

இவற்றால் எவ்வளவு பணம் மிஞ்சும் என்பதையும் மிகைப்படுத்தாமல் பார்ப்பது நல்லது. துப்புரவுப் பொருள்களுக்கு மாதம் 1,000 ரூபாய் செலவழித்த குடும்பம் அதை 400 ஆகக் குறைத்தது என்று கொள்வோம். 3 லட்ச ரூபாய்க் கடன், 14 சதவீத வட்டி, 36 மாதத் தவணை என்றால் மாதம் ஏறத்தாழ 10,250 ரூபாய் கட்ட வேண்டும். மிஞ்சிய 600 ரூபாயையும் சேர்த்துக் கட்டினால் கடன் 34-ஆம் மாதத்தில் தீரும். வட்டியில் ஏறத்தாழ 4,800 ரூபாய் மிஞ்சும். இது பெரிய தொகை என்று சொல்ல முடியாது. அதே 600 ரூபாயைக் கிரெடிட் கார்டு நிலுவைக்குச் செலுத்தினால் பயன் கூடுதல். மாதம் 3.5 சதவீதம் என்ற கணக்கில் 50,000 ரூபாய் நிலுவைக்கு மாத வட்டி மட்டும் 1,750 ரூபாய். ஆகவே எதை முதலில் அடைப்பது என்ற முடிவு, எந்தச் சோப்பு வாங்குவது என்ற முடிவைவிடப் பன்மடங்கு முக்கியமானது. கூடுதலாகச் செலுத்தும் தொகையை அசலில் வரவு வைக்கும்படி வங்கியிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளவும் வேண்டும்.

வருவாயின் வழி சிறிதாக இருந்தாலும் செலவின் வழி அகலாமல் இருந்தால் கேடில்லை என்ற கருத்தை வள்ளுவர் 'வலியறிதல்' என்ற அதிகாரத்தில் வைத்திருக்கிறார். பெருஞ்செலவுகள் ஒருநாளில் முடிவாகிவிடுகின்றன. அகலுவதும் சுருங்குவதும் அன்றாடச் சிறுசெலவில்தான் பழகுகின்றன. ஒரு பிடி தூளை அளந்து போடப் பழகிய கை, தவணைமுறையில் புதிய பொருள் வாங்கக் கையெழுத்திடும்போது சற்றுத் தயங்கும். அந்தத் தயக்கத்தின் மதிப்பு 4,800 ரூபாயைவிட அதிகம்.

தோரோவின் மூன்று கற்கள்

அமெரிக்க ஞானி ஹென்றி டேவிட் தோரோ 1845 முதல் 1847 வரை வால்டன் குளக்கரையில் தாமே கட்டிய குடிலில் வாழ்ந்தார். குடிலுக்கு ஆன செலவு 28 டாலர் 12½ சென்ட் என்று அரைச் சென்ட் வரை கணக்கெழுதி வைத்தார். பகவத் கீதையைப் போற்றிப் படித்தவர். அவர் மேசைமீது மூன்று சுண்ணாம்புக் கற்களை வைத்திருந்தார். அவற்றை நாள்தோறும் தூசி தட்ட வேண்டியிருப்பதைக் கண்டதும், தம் மனத்தில் படிந்த தூசியையே இன்னும் தட்டவில்லையே என்று வெறுப்புற்று மூன்றையும் ஜன்னல் வழியே எறிந்துவிட்டார். கடனை அவர் பழைய சேறு என்று வர்ணிக்கிறார். லத்தீன் மொழியில் கடனுக்கு 'பிறருடைய பித்தளை' என்ற பெயர் இருந்ததையும் நினைவூட்டுகிறார்; பண்டை ரோமாபுரியில் பித்தளை போன்ற உலோகத்தில் நாணயம் இருந்தது.

கடனில் வாங்கிய பொருள் இருமுறை உழைப்பைக் கேட்கும். தவணை கட்ட அலுவலகத்தில் ஓர் உழைப்பு. அதைத் துடைத்து வைக்க வீட்டில் ஓர் உழைப்பு. கண்ணாடி அலமாரி, செதுக்கு வேலைப்பாடு மிகுந்த சோபா, யாரும் வாசிக்காத அலங்காரப் பொருள்கள் எல்லாம் வாரந்தோறும் தூசி தட்டச் சொல்கின்றன. நல்ல நிலையில் உள்ள சிலவற்றை விற்று நிலுவையில் செலுத்தினால், கடனும் தூசியும் சேர்ந்து குறையும். ஆனால் எறியும் உற்சாகத்தில் அடுத்த ஆண்டே மீண்டும் வாங்க வேண்டியவற்றைக் கழித்துவிடக் கூடாது.

தோரோவின் கணக்கில் ஓர் ஓட்டை உண்டு; அதை மறைக்காமல் எழுதியது அவருடைய நேர்மை. துணி துவைப்பதும் தைப்பதும் பெரும்பாலும் வெளியே நடந்தன என்றும், அவற்றின் பில் இன்னும் வந்து சேரவில்லை என்றும் 'வால்டன்' நூலில் குறிப்பிடுகிறார். எளிய வாழ்வைப் போற்றிய பலருடைய கணக்குப் புத்தகத்திலும் இந்தப் பில் வராமலே இருந்துவிடுகிறது.

வராத பில்

மகாத்மா காந்தி தென்னாப்பிரிக்காவில் வழக்கறிஞராக இருந்தபோது, சலவைக்காரருக்கான செலவு பெரிதாக இருந்தது; துணியும் நேரத்தில் வருவதில்லை. அவர் சலவைக் கலை பற்றிய நூலொன்றை வாங்கிப் படித்துத் தாமே துவைக்கத் தொடங்கினார். முதன்முதலாகக் கஞ்சி போட்ட காலரிலிருந்து கஞ்சி உதிர, நீதிமன்றத்தில் சக வழக்கறிஞர்கள் நகைத்தனர். அவர் கூச்சப்படவில்லை. பிற்காலத்தில் கோகலே தென்னாப்பிரிக்கா வந்தபோது, ரானடே அவருக்கு அளித்திருந்த அங்கவஸ்திரத்தை இஸ்திரி போடும் பேறு காந்திக்குக் கிட்டியது. 1927-இல் அவர் நந்தி மலையிலும் பெங்களூரிலும் தங்கி உடல்நலம் தேறிய மாதங்களில், இத்தகைய நிகழ்ச்சிகளைக் கூறும் அவரது சுயசரிதை தொடராக வெளிவந்துகொண்டிருந்தது.

அதே சுயசரிதையில், 1898-இல் டர்பனில் நடந்த மற்றொரு நிகழ்ச்சியும் இருக்கிறது. வீட்டில் தங்கியிருந்த குமாஸ்தா ஒருவரின் மலச்சட்டியை எடுக்கும் வேலை கஸ்தூரிபாவின்மேல் விழுந்தது. அவர் கண்ணீரோடு அதைச் சுமந்தார். மகிழ்ச்சியோடு செய்ய வேண்டும் என்று காந்தி வற்புறுத்தினார். சொல் முற்றி, மனைவியின் கையைப் பற்றி வாயில்வரை இழுத்துச் சென்றுவிட்டார். பின்னர் வெட்கினார். தம் துணியைத் தாம் துவைத்தது சௌசம். தம் கொள்கையின் சுமையைப் பிறர் தலையில் வலிந்து ஏற்றியது வேறு. இரண்டையும் ஒரே நூலில் அவர் எழுதிவைத்திருப்பதால் இல்லறத்தார்க்கு அது பாடநூலாகிறது.

கடன் அடைக்கும் வீட்டில் நேர்வதும் பெரும்பாலும் இதுவே. பணிப்பெண்ணை நிறுத்துவது என்று இருவரும் சேர்ந்து முடிவெடுப்பார்கள். அந்த வேலை முழுவதும் மனைவியிடம் போய்ச் சேரும். அவரும் அலுவலகம் சென்று வருபவர்தான். இரவு பத்து மணிக்குப் பாத்திரம் துலக்கும் உழைப்புக்கு எந்தக் கணக்கிலும் வரவு இல்லை என்பதால், மாதம் சில ஆயிரம் மிச்சம் என்று குறிப்பேடு காட்டும். அந்த மிச்சம் மெய்யானதாக இருக்க வேண்டுமானால், பெருக்குவதும் துடைப்பதும் துவைப்பதும் கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளைகள் எல்லோருக்கும் நாள்குறித்துப் பிரிக்கப்பட வேண்டும். கழிப்பறை கழுவும் முறை எவருக்கும் விலக்கில்லாமல் வர வேண்டும். நாள்தோறும் எல்லா அறைகளையும் துடைக்க வேண்டுவதில்லை. சமையலறையும் கழிப்பறையும் தினமும், மற்றவை வாரம் இருமுறை என்றால் இருவர் உடல் தாங்கும்.

பணிப்பெண்ணின் பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது. வீட்டு வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்த மாநிலங்களில் கர்நாடகம் முன்னோடி. 2004-இலேயே அதைச் செய்தது. வேலையை அப்படியே வைத்துக்கொண்டு சம்பளத்தை மட்டும் குறைப்பதோ, 'அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறேன்' என்று தள்ளிப்போடுவதோ கடனை அடைப்பதாகாது. அந்தப் பெண்மணியிடம் வட்டியில்லாமல் கடன் வாங்குவதாகும். அவரோ அந்த இடைவெளியை நிரப்பச் சிறுகடன் நிறுவனத்திடமோ கந்துவட்டிக்காரரிடமோ போக நேரிடும். அத்தகைய கடன்களின் வசூல் கொடுமை முற்றியதால், 2025 பிப்ரவரியில் கர்நாடகம் தனி அவசரச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு மாதம் முன்னதாகச் சொல்லி, வேறு வீடு தேடிக் கொடுத்து, நிலுவையை முழுவதும் தீர்ப்பது மனுஷ்ய யக்ஞத்தில் சேரும். வேலையின் அளவைக் குறைத்து, அதற்கேற்ற நியாயமான சம்பளத்தை இருவரும் பேசி முடிவு செய்வதும் நல்ல வழியே.

வாசலுக்கு வெளியே நிற்பவர் பௌரகார்மிகர். 2015-இல் கர்நாடக உயர் நீதிமன்றம், பெங்களூர் வீடுகள் குப்பையை 'இரண்டு தொட்டி, ஒரு பை' என்று பிரித்துத் தர வேண்டும் என்று ஆணையிட்டது. ஈரக்குப்பைக்குப் பச்சைத் தொட்டி, சானிட்டரி கழிவு முதலியவற்றுக்குச் சிவப்புத் தொட்டி, உலர்குப்பைக்குப் பை. இதற்குச் செலவு ஏதுமில்லை. பிரிக்காமல் கொடுத்தால் வேறொருவர் வெறுங்கையால் பிரிக்க வேண்டியிருக்கும். உடைந்த கண்ணாடியைச் செய்தித்தாளில் சுற்றி, மேலே எழுதிக் கொடுக்க அரை நிமிடம் ஆகும்.

அன்னை ஸ்ரீ சாரதாதேவியார் வாழ்வில் ஒரு சிறு நிகழ்ச்சி. முற்றம் பெருக்கிய பெண் ஒருத்தி, வேலை முடிந்ததும் துடைப்பத்தை ஒரு மூலையில் அலட்சியமாக வீசினாள். அன்னை அவளை அழைத்து, வீசுவதற்கு ஆகும் நேரத்திலேயே மெதுவாகவும் வைக்கலாமே, அது மீண்டும் தேவைப்படும் பொருள் அல்லவா, சிறியதற்கும் உரிய மரியாதையைக் கொடுக்க வேண்டாமா என்று பரிவோடு எடுத்துரைத்தார். மரியாதையாக வைத்த துடைப்பம் நீண்ட நாள் உழைக்கும் என்பதும் உண்மைதான். ஈரத்தில் கிடந்த தென்னந்துடைப்பம் மாதத்தில் உளுத்துவிடும். அன்னை பேசியது அதைப் பற்றி மட்டுமல்ல.

ஆண்டில் கடன் புதிதாக ஏறும் காலம் பண்டிகைக் காலம். தீபாவளிக்கும் போகிக்கும் வீட்டை ஒழிக்கும்போது 'பழசைத் தள்ளிப் புதுசு வாங்கலாம்' என்ற எண்ணம் எழும். அதே வாரத்தில் வட்டியில்லாத் தவணை விளம்பரங்களும் வந்து சேரும். கடன் முடியும்வரை ஒழிப்பது மட்டும் போதும், நிரப்ப வேண்டாம் என்று முன்கூட்டியே குடும்பமாக முடிவு செய்துகொள்வது உதவும். ஆயுத பூஜையன்று பல வீடுகளில் அரிவாள்மணை, சுத்தியல், துடைப்பம் எல்லாம் கழுவிச் சந்தனம் குங்குமம் பெறுகின்றன. புத்தகங்களோடு கடன் கணக்கெழுதிய நோட்டையும் அங்கே வைக்கலாம். விஜயதசமிக் காலையில் அதை எடுத்து, அன்றைய தேதியிட்டு, வங்கி நிலுவை எவ்வளவு, பணிப்பெண்ணுக்குப் பாக்கி ஏதும் உண்டா என்று இரண்டு வரி எழுதலாம்.